இடப்பக்கத்தில் நின்றவர்கள்

ஜெயபுஷ்பத்தின் கண்ணைப் பற்றி அந்த ஆம்பூர் ஷூ கம்பெனியில் யாருக்கும் சந்தேகமே கிடையாது. தைத்து முடித்த ஷூ மேல்தோல் எல்லாம் கடைசியில் அவள் மேஜைக்குத்தான் வரும். டியூப் லைட்டுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் புரட்டுவாள். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும், தோலில் மயிரிழை அளவுக்கு ஒரு கீறல் இருந்தாலும், அவள் விரல் நேராக அங்கே போய் நிற்கும். மெஷினில் உட்காரும் பெண்கள், "கழுகுக்கண்ணு வருதுடி" என்று தங்களுக்குள் முணுமுணுத்துக்கொள்வார்கள். அது அவள் காதில் விழாமல் இல்லை. கோபம் வந்ததில்லை. தன்னைப் பற்றி ஊரில் யாராவது சொல்கிற நல்ல வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

அவள் கம்பெனியில் சேர்ந்தது எழுபத்தாறில். அதற்கு முன்னால் ஒரு போர்டிங் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். வயது நாற்பதை நெருங்கிவிட்டது, கல்யாணம் ஆகவில்லை. இன்னாரால் ஆகவில்லை என்று யாரையும் கைகாட்ட முடியாது. அப்பா தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். ஐம்பது வயதுக்குள் அவருக்குப் பார்வை போய்விட்டது. சுண்ணாம்பு தெறித்துத் தெறித்தே கண் கெட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படியே நம்பினார். அவரைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக ஒரு ஆள் வேண்டியிருந்தது. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி தேவானந்தம் படித்துக்கொண்டிருந்தான். ஆக, அந்த வேலை ஜெயபுஷ்பத்தின் மேல் விழுந்தது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, பெண் கேட்டு வருகிறவர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

தேவானந்தத்துக்குப் பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் சூப்பர்வைசர் வேலை கிடைத்தது. லில்லியைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருந்தான். ஜெயபுஷ்பம் ஆம்பூரில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டாள். கம்பெனி, வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச், மாதத்துக்கு ஒருமுறை பேரணாம்பட்டு என்று நாள் ஓடியது. அது ஒன்றும் மோசமான வாழ்க்கை இல்லை. சர்ச் விட்டு வெளியே வந்தால் நாலு பேர் நின்று பேசுவார்கள். அதில் ஒருத்தி வீடு வரைக்கும் கூடவே நடந்து வருவாள்.

பிறகு அது எப்படிக் குறைந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. சண்டை சச்சரவு ஒன்றும் கிடையாது. ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். சர்ச் வாசலில் கூட்டமாக நிற்பவர்கள் அவள் வருவதைப் பார்த்தால் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்தால் பெண்கள் கும்பலாக உட்காருவார்கள். இவளுக்கு இடம் போடுகிறவர்கள் இல்லாமல் போனார்கள். "அந்தம்மாவுக்குத் தலைக்கனம் ஜாஸ்தி" என்று ஒருத்தி சொன்னது ஒருநாள் காதில் விழுந்தது. நான் இன்னா பண்ணினேன் என்று இரண்டு நாள் யோசித்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. கல்யாணமாகாத பொம்பளைக்கு வயசானால் இப்படித்தான் போலிருக்கிறது என்று முடிவு கட்டினாள்.

நடக்கும்போது இடது தோள் கதவு நிலையில் இடிக்கும். பஜாரில் சைக்கிள்காரர்கள் சட்டென்று முளைத்தாற்போல வந்து, மோதாமல் தப்பித்து, திட்டிக்கொண்டே போவார்கள். ஊரில் கூட்டம் பெருத்துவிட்டது என்று அவளும் பதிலுக்கு முனகுவாள். எழுபத்தொன்பதில் பைபிள் எழுத்து மங்கலாகத் தெரிந்தபோது, மசூதித் தெருவில் அமீர் பாஷாவின் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவர் அட்டையை நீட்டிப் படிக்கச் சொல்லி, கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, நாற்பது தாண்டினால் எல்லோருக்கும் வருவதுதான் என்று சொல்லி ஒரு கண்ணாடி கொடுத்தார். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. கண் விஷயம் அதோடு முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

எண்பத்தொன்றில் தேவானந்தத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை. தேவகிருபை என்று பேர் வைத்தார்கள். ஞானஸ்நானத்துக்கு ஜெயபுஷ்பம் தன் கையால் தைத்த வெள்ளைக் கவுனை எடுத்துக்கொண்டு பேரணாம்பட்டு போனாள். ஆராதனை முடிந்து சர்ச்சுக்குப் பக்கத்துக் கூடத்தில் விருந்து. ஸ்பீக்கரில் பாட்டு காதைப் பிளந்தது. பிரியாணி வாசனை. சுவரோரம் ஒரு பெஞ்சின் வலது ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். குழந்தையைக் கொண்டுவந்து தன் மடியில் வைப்பார்கள் என்று காத்திருந்தாள். லில்லியின் அம்மா வாங்கிக்கொண்டாள், அத்தைமார்கள் வாங்கிக்கொண்டார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடக் கொஞ்சினார்கள். எதிரே நடப்பது எல்லாம் அவளுக்குத் தெரிந்தது. தன்னிடம் மட்டும் யாரும் வரவில்லை. பிள்ளை பெறாதவள் தொடக்கூடாது என்று நினைக்கிறார்களோ என்ற எண்ணம் வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், சாப்பிடாமல், பஸ் ஏறிவிட்டாள்.

தம்பி வந்து கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு அழைப்பும் வரவில்லை. இவளும் போகவில்லை. நாலு வருஷம் அப்படியே போயிற்று. சாயங்காலம் கம்பெனி விட்டு வந்து கதவைத் திறந்தால், காலையில் கழுவிக் கவிழ்த்த தட்டு அப்படியே இருக்கும். ரேடியோவைப் போட்டுவிட்டு, யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில் சோறு வடிப்பாள்.

எண்பத்தைந்தில் கண்ணாடியை மாற்றுவதற்காக மறுபடி அமீர் பாஷா கடைக்குப் போனாள். அன்றைக்குக் கடையில் கூட்டம் கம்மி. அவர் பழைய கண்ணாடியை வாங்கித் துடைத்தார், ஒரு டீ சொன்னார், உள்ளே போய்ப் புது ஃபிரேம்களை எடுத்து வந்தார், நலம் விசாரித்தார். ஜெயபுஷ்பம் ஒன்றைத் தேர்ந்து எடுத்தாள். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தவள், "அப்போ நான் வர்றேன் பாய்" என்று எழுந்தாள்.

"இன்னாம்மா, டீயைத் தொடவே இல்ல?"

"எந்த டீ பாய்?"

அமீர் பாஷா அவளுடைய இடது முழங்கையைக் காட்டினார். பக்கத்து ஸ்டூலில் கண்ணாடி கிளாஸில் டீ ஆறி ஆடை படர்ந்திருந்தது. அவள் தலையைத் திருப்பிய பிறகுதான் அது தெரிந்தது.

"பையன் வந்து வெச்சான். 'டீ அம்மா'ன்னு வேற சொன்னான். நீங்க வேணாம்னு இருக்கீங்கன்னு நான் நெனச்சேன்."

"யாரையோ சொல்றான்னு இருந்துட்டேன் பாய். நான் கவனிக்கல."

அவர் சிரிக்கவில்லை. மறுபடி உட்காரச் சொன்னார். "என் மூக்கையே பாருங்கம்மா. கண்ணைத் திருப்பக் கூடாது" என்றார். தன் கையை நீட்டி, விரலை ஆட்டியபடி, அவளுடைய இடது பக்கத்திலிருந்து மெல்ல முன்னால் கொண்டுவந்தார்.

"தெரியுதா?"

"இன்னா பாய்?"

"இப்போ?"

"இன்னா தெரியணும்?"

விரல் ஏறக்குறைய அவர் மூக்குக்கு நேரே வந்த பிறகுதான், "ஆங், விரலு" என்றாள். அமீர் பாஷா கையை இறக்கிவிட்டு, புது ஃபிரேம்களைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

"அம்மா, நான் பார்க்கிறது எழுத்து மட்டும்தான். முன்னாடி இருக்கறதைப் படிக்க முடியுதான்னு பார்த்துக் கண்ணாடி குடுப்பேன். கண்ணுக்குள்ள இன்னா நடக்குதுன்னு பார்க்கற மெஷின் என்கிட்ட கிடையாது. வேலூர் போங்க. கண்ணாடியை அப்புறம் பார்த்துக்கலாம்."

"கண்ணு நல்லா தெரியுதே பாய். கம்பெனியில என்னை மாதிரி பார்க்கறவங்க யாருமில்ல."

"அதனாலதாம்மா எனக்குப் பயமா இருக்குது" என்றார் அவர்.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதலில் சுவரில் இருந்த அட்டையைப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் ஒரு எழுத்து பிசகாமல் படித்தாள். பாய் வீணாகப் பயமுறுத்திவிட்டார் என்று நினைத்தாள். பிறகு கண்ணில் மரத்துப்போகிற சொட்டு விட்டு, ஒரு கருவியின் முன்னால் முகவாயை வைக்கச் சொன்னார்கள். நீல வெளிச்சம் ஒன்று நெருங்கி வந்து கண்ணைத் தொட்டது. வலிக்கவே இல்லை. பார்த்த டாக்டரம்மா இன்னொரு கண்ணையும் பார்த்தார், முதல் கண்ணை மறுபடியும் பார்த்தார். "பார்வையோட அகலத்தை ஒரு தடவை பார்த்துடலாம்" என்று உள்ளறைக்கு அனுப்பினார்.

அது இருட்டறை. நடுவில், அண்டாவைப் பக்கவாட்டில் கவிழ்த்துவைத்தது போலப் பெரிய வெள்ளைக் கிண்ணம் ஒன்று. விஜயகுமாரி என்ற பெண் அந்தக் கருவியைப் பார்த்துக்கொண்டாள். வலது கண்ணை மூடிக் கட்டி, ஜெயபுஷ்பத்தின் முகத்தைக் கிண்ணத்துக்குள் வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள்.

"நடுவுல ஒரு புள்ளி இருக்குது இல்ல, அதையே பாருங்கம்மா. எங்கியாவது ஓரத்துல சின்ன வெளிச்சம் தெரிஞ்சா பொத்தானை அழுத்துங்க. அவ்ளோதான்."

ஜெயபுஷ்பம் புள்ளியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் தெரியவில்லை. கிண்ணத்துக்குப் பின்னாலிருந்து ஏதோ நகர்கிற சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று கட்டை விரலைப் பொத்தான் மேலேயே வைத்திருந்தாள். கழுத்து வலித்தது. வெளியே யாரோ இருமினார்கள். புள்ளிக்கு மிக அருகில் ஒரு வெளிச்சம் திடீரென்று தோன்றியது; அழுத்தினாள். பிறகு மறுபடியும் ஒன்றுமில்லை.

"கரண்ட் போச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வெளிச்சம் காட்டிக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் விஜயகுமாரி. குரல் இறங்கியிருந்தது. "நீங்க புள்ளியையே பாருங்க."

பரிசோதனை முடிந்ததும் டாக்டரம்மா ஒரு தாளை மேஜை மேல் வைத்து விரலால் காட்டினார். ஒரு சராசரிக் கண் பார்க்கிற அகலம் இவ்வளவு என்று ஒரு பெரிய வட்டம் இருந்தது. அதற்குள் இடது கண்ணுக்கு என்று போட்டிருந்த கோடு ஒரு சின்னக் கோலிக்குண்டு அளவுக்கு நடுவில் சுருண்டிருந்தது. வலது கண் பரவாயில்லை. ஆனால் அதிலும் இடப்புறத்தைப் பார்க்கிற மூக்குப் பக்கம் பெரும்பாலும் கரைந்திருந்தது.

"கண்ணுக்குள்ள இருக்கற நீரோட அழுத்தம் ஜாஸ்தியா இருக்குது. அது நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுக்கும். வலி இருக்காது. சிவக்காது. ஓரத்துலருந்து போய்க்கிட்டே வரும். நடுவுல இருக்கறது கடைசியாத்தான் போகும். அதான் அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சிட்டீங்க."

"இது எவ்ளோ நாளா இருக்கும் டாக்டர்?"

"ஆறேழு வருஷமாவது ஆயிருக்கும். நாற்பது வயசுல ஒரு தடவை அழுத்தத்தை அளந்திருந்தா அப்பவே பிடிச்சிருக்கலாம்."

"இப்போ?"

"போன பார்வை வராதும்மா. இருக்கறதைக் காப்பாத்தலாம். இடது கண்ணுக்கு ஆபரேஷன் வேணும். வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து, தினமும், விடாம." டாக்டரம்மா நிமிர்ந்து அவளுக்குப் பின்னால் பார்த்தார். "உங்ககூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் வரல டாக்டர்."

"வீட்ல யாருக்காவது கண்ணு போயிருக்குதா?"

அப்பாவைப் பற்றிச் சொன்னாள். சுண்ணாம்பு என்றாள். டாக்டரம்மா சுண்ணாம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா?" என்று கேட்டார். "அவங்க கண்ணையும் பார்த்தாகணும். இது குடும்பத்துல வரக்கூடியது. சொல்லிடுங்க."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். அசைத்தாள். கை அங்கே இருப்பது தோளுக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. பள்ளிகொண்டா தாண்டியபோது சர்ச் வாசல் நினைவுக்கு வந்தது. வாசலுக்கு வெளியே அவள் எப்போதும் வலதுபுறமாகத் திரும்பி நடப்பாள். பேசுகிறவர்கள் நிற்கிற வேப்பமரம் இடதுபுறம். எத்தனை பேர் தோத்திரம் சொல்லிக் கைகூப்பி, பதில் கிடைக்காமல் கையை இறக்கியிருப்பார்கள்? தன்னை எல்லோரும் ஒதுக்கினார்கள் என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். அவர்கள் வந்திருக்கிறார்கள். வந்து நின்றிருக்கிறார்கள். அந்த எண்ணம் ஆறுதலாக இல்லை. யாரும் வரவில்லை என்று இருந்ததைவிட இது தாங்கமுடியாததாக இருந்தது.

இரண்டு ஞாயிறு தள்ளிப்போட்டாள். தனக்காக மட்டும் என்றால் பேரணாம்பட்டுக்குப் போயிருக்கவே மாட்டாள். தம்பிக்கு வயது நாற்பத்திரண்டு. மூன்றாம் ஞாயிறு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தது லில்லி. "வாங்க அண்ணி" என்று வழிவிட்டாள். தேவானந்தம் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு எழுந்து நின்றான். குழந்தை ஓடிவந்து, யாரோ புது ஆள் என்று அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. ஜெயபுஷ்பம் உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல், நடந்ததையெல்லாம் சொன்னாள். கண்ணாடிக் கடை, இருட்டறை, ஆபரேஷன். "இடது பக்கம் எனக்கு ஒண்ணுமே தெரியாது லில்லி. ரொம்ப வருஷமாவே தெரியாதாம். எனக்கே இப்பதான் தெரிஞ்சுது."

லில்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஞானஸ்நானத்தன்னிக்கு நான் உங்ககிட்ட வந்தேன் அண்ணி" என்றாள். "முதல்ல எங்கம்மா, அப்புறம் எல்லாரும் கைமாத்திட்டாங்க. நீங்கதான் தூக்கி முத்தம் குடுக்கணும்னு நானே வாங்கிக்கிட்டு வந்தேன். உங்க பக்கத்துலதான் நின்னேன். 'இந்தாங்க அண்ணி'ன்னு நீட்டினேன். பாட்டு போட்டுக்கிட்டிருந்தான். நீங்க திரும்பவே இல்ல. எழுந்து போய்ட்டீங்க. கொழந்தையை நீட்டின கையோட நான் நிக்கறேன், எல்லாரும் பார்க்கறாங்க."

"எந்தப் பக்கம் நின்னே?"

லில்லி யோசித்துப் பார்த்தாள். கையை நீட்டி ஜெயபுஷ்பத்தின் இடது கையைத் தொட்டாள். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணி, நாலு வருஷம்" என்றாள்.

"நீயும் கேட்டிருக்கலாம் லில்லி."

லில்லி எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். டம்ளரைக் கையிலேயே கொடுத்தாள்.

தேவானந்தத்திடம் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னபோது அவன் சிரித்து மழுப்பினான். "எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுக்கா. பேஜார் புடிச்ச வேலை, லீவு குடுக்க மாட்டான்."

"எனக்கும் நல்லாத்தான் இருந்துது" என்றாள் ஜெயபுஷ்பம்.

அவன் அன்றைக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் ஆபரேஷன் நாளன்று காலையில், வேலூரில் வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். லில்லி அனுப்பினாளா, அவனாகவே வந்தானா என்று ஜெயபுஷ்பம் கேட்கவில்லை. அக்கா உள்ளே இருந்த நேரத்தில் விஜயகுமாரி அவனைக் கூப்பிட்டு அதே நீல வெளிச்சத்தின் முன்னால் உட்காரவைத்தாள். அவன் கண்ணிலும் அழுத்தம் கூடியிருந்தது. பெரிய கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தபோது, ஓரத்தில் தோன்றிய வெளிச்சங்களை ஒன்றுவிடாமல் பிடித்து அழுத்தினான். தாளில் கோடு வட்டத்தின் விளிம்போடு ஒட்டி ஓடியது. நரம்பு இன்னும் கெடவில்லை. சொட்டு மருந்து போட்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தால் போதும் என்றார்கள். கண்ணில் கட்டோடு படுத்திருந்த அக்காவிடம் அதை வந்து சொன்னான். வலது கண்ணால் அவள் அவனைப் பார்த்தாள். "அப்பாவையும் யாராவது இப்படிக் கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அதற்குப் பிறகு பேரணாம்பட்டுக்குப் போக்குவரத்து திரும்ப ஆரம்பித்தது. பழையபடி இல்லை. லில்லி மரியாதையாக இருந்தாள். விருந்தாளிக்குப் போல உறைக்காமல் சமைத்துப் போட்டாள். தேவகிருபையை "அத்தைகிட்ட போ" என்று தள்ளினாள். குழந்தை போய்ச் சற்று நேரம் பக்கத்தில் நின்றுவிட்டு விளையாட ஓடிவிடும். தவழ்ந்த வயதையும் நடை பழகிய வயதையும் பார்க்காதவளிடம் அதற்கு என்ன ஒட்டுதல் இருக்கும்? ஜெயபுஷ்பம் வற்புறுத்தவில்லை.

சர்ச்சில் உட்காருகிற இடத்தை மாற்றிக்கொண்டாள். பெண்கள் வரிசையின் இடது கடைசிக்குப் போனால் எல்லோரும் வலப்பக்கம் வந்துவிடுவார்கள். சிலரிடம் நேராகப் போய், "எனக்கு இந்தப் பக்கம் தெரியாதுங்க, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்று சொன்னாள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். சிலர் நம்பின மாதிரி தெரியவில்லை. நூல் பிசகினால் கண்டுபிடிக்கிறவளுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியாதாமா என்று நினைத்திருப்பார்கள். வீட்டில் ரேடியோ அதே நேரத்துக்குப் பாடியது. மல்லாந்து படுத்துத் தன் கண்ணில் தானே சொட்டு விட்டுக்கொள்ளப் பழகினாள். முதலில் பாதி கன்னத்தில் ஓடும். பிறகு கை தேர்ந்தது.

வேலூருக்கு மட்டும் ஒரு தடவைகூடத் தவறாமல் போனாள். எண்பத்தெட்டில் ஒருமுறை விஜயகுமாரி புதுத் தாளையும் பழைய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே இருக்குதும்மா, கொஞ்சம்கூடக் குறையல" என்றாள். ஜெயபுஷ்பத்துக்கு யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. பஸ்ஸில் வலது பக்கம் தன்னைவிடச் சில வயது இளைய ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அணைக்கட்டுப் பக்கத்து ஆள், மடியில் காய்கறிப் பை.

"உங்களுக்கு நாற்பது ஆயிடுச்சா? கண்ணைக் காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள் ஜெயபுஷ்பம்.

"எனக்கு நல்லா தெரியுதும்மா. ஊசியில நூல்கூடக் கோக்கறேன்."

"நல்லா தெரிஞ்சாலும் காட்டணுங்க. அழுத்தம் அளந்து பார்ப்பாங்க. வலிக்காது." எந்தக் கட்டடம், காலையில் எத்தனை மணிக்குச் சீட்டு கொடுப்பார்கள் என்பதையும் சொன்னாள்.

அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு வெளியே பார்க்கத் தொடங்கினாள். பள்ளிகொண்டாவில் இறங்கிக்கொண்டாள். வேறு யாரும் அந்தச் சீட்டுக்கு வரவில்லை. ஜெயபுஷ்பம் ஆம்பூர் வரைக்கும் தாளை மடியில் வைத்துக்கொண்டு தனியாகவே உட்கார்ந்து வந்தாள்.